சர்க்கரை அளவு செல்போனில் ஏறினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களின் கையில் ஒரு செல்போன் செயலியைக் கொடுத்துவிட்டால் சர்க்கரை நோய் கட்டுக்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட டிஜிட்டல் வழிகாட்டுதல், நோயாளியை விடாமல் பின்தொடரும் மின்பதிவு, பணியாளர் முடிவெடுக்க உதவும் செயலி, மருந்து இருப்பைக் கைபேசி வழியே தெரிவிக்கும் முறை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. ஆனால் பல பரிந்துரைகளோடு நிபந்தனைகளும் இருந்தன. செயலி பேசப்படும் அளவுக்கு நிபந்தனைகள் பேசப்படுவதில்லை. களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள், அவர்கள் அனுப்பும் பதிவுகளை அன்றாடம் பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

விரல் நுனியில் எடுத்த அளவு செயலிக்குள் போய், அங்கிருந்து மருத்துவரிடம் போய், மருந்துச் சீட்டில் ஒரு மாற்றமாக அதே வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இந்தச் சுற்று எந்த இடத்தில் அறுந்தாலும் நோயாளிக்கு மிஞ்சுவது விரலில் ஒரு குத்து மட்டும்தான். எங்கெங்கே அறுகிறது என்பதைச் சொல்கிறோம்.

முதல் இடம் விரல் நுனியே. இனிப்போ பழமோ தொட்ட கையில் எடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை ரத்தத் துளியில் கலந்து, அளவு பல மடங்கு கூடுதலாகக் காட்டக்கூடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்தால் அது முழுதாகப் போகாது. துடைத்த ஈரம் காயாமல் குத்தினாலும் அளவு தவறும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு, விரல் நுனியின் நடுவில் அல்லாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். துளி வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழியக் கூடாது, திசுநீர் கலந்துவிடும். கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவினால் போதும். ஆளுக்கொரு புது லான்செட், அதாவது விரலைக் குத்தும் சிறு ஊசி, என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஊசியை மாற்றிவிட்டு, அதைச் செருகிக் குத்தும் பேனா போன்ற கருவியைப் பலருக்கும் பயன்படுத்துவதும் தவறு. அந்தப் பேனாவின் முனையில் படியும் ரத்தத்தின் வழியே கல்லீரல் அழற்சி வைரஸ் பரவும். ஒருமுறை குத்தியதும் ஊசி தானே உள்ளிழுத்துக்கொள்ளும் வகையை வாங்கிக் கொடுப்பதே பாதுகாப்பு.

அடுத்தது ஸ்ட்ரிப், அதாவது ரத்தத் துளியை ஏந்தி, சர்க்கரை அளக்கும் மீட்டருக்குள் செருகும் சிறு பட்டை. அதன் எதிரி ஈரமும் வெப்பமும். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் டப்பாவை மூட வேண்டும். பையில் இடம் போதவில்லை என்று ஸ்ட்ரிப்புகளை வேறு உறையில் கொட்டி வைப்பது, வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் டப்பாவை விட்டுவிட்டுப் போவது, இரண்டுமே அந்த டப்பாவைக் கெடுத்துவிடும். டப்பாவைத் திறந்த தேதியை மேலே எழுத வேண்டும். அச்சிட்ட காலாவதி தேதி திறக்காத டப்பாவுக்குத்தான் பொருந்தும். திறந்த பிறகு எத்தனை மாதம் என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு புது டப்பாவுக்கும், மீட்டர் கீழே விழுந்த ஒவ்வொரு முறையும், கட்டுப்பாட்டுத் திரவம் (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த திரவம்) வைத்துச் சோதிக்க வேண்டும். பல திட்டங்களில் ஸ்ட்ரிப் வாங்குகிறார்கள், திரவம் வாங்குவதில்லை. மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா என்று யாருக்கும் தெரியாமலே மாதக்கணக்கில் அளவுகள் செயலியில் ஏறிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் மீட்டருக்கு ஓர் எல்லை உண்டு. சர்க்கரை மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரத்தின் 2013 பதிப்புப்படி, 100-க்குக் குறைவான அளவுகளில் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மி.கி. என்பதே இங்குள்ள அலகு) 15 மி.கி. கூடக் குறைய இருக்கலாம்; 100-உம் அதற்கு மேலும் 15 சதவீதம் வரை மாறலாம். நூறு முறை அளந்ததில் 95 முறை இந்த வரம்புக்குள் வந்தால் அந்த மீட்டர் தேறிவிடும். அதாவது உண்மையில் 200 இருப்பவருக்கு மீட்டர் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம், இரண்டும் அனுமதிக்கப்பட்டவையே. ரத்தசோகை இருந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஆகவே போன மாதம் 180, இந்த மாதம் 205 என்று சிவப்பு விளக்கு எரிய வைத்து நோயாளியைப் பயமுறுத்தும் செயலி, மீட்டரைப் புரிந்துகொள்ளாத செயலி. புதிதாக நோய் இருக்கிறதா என்பதை மீட்டரில் ஐயப்படலாம். ஆய்வகத்தில் சிரை ரத்தத்தில் உறுதி செய்வதே முறை. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 6.5 சதவீதம் ஆகியவை அதற்கான எல்லைகள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சொல்வதால் மருந்தை மாற்றுவதற்கு அதுவே நல்ல துணை. இரும்புச்சத்துக் குறைவில் அது பொய்யாக உயரும் என்பதையும், அண்மையில் ரத்தம் ஏற்றியவரிடம் அதை நம்ப முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி செல்போனுக்கு வருவோம். அளவைப் பதியும் ஒற்றைப் பெட்டியில் எத்தனை தவறு நடக்க முடியும் என்பது செயலி எழுதுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பல மீட்டர்கள் 600-ஐத் தாண்டினால் எண்ணைக் காட்டாமல் ‘ஹை’ என்று மட்டும் காட்டும். மிகக் குறைந்தால் ‘லோ’. செயலியோ எண்ணை மட்டுமே ஏற்கும். பணியாளர் என்ன செய்வார்? சிலர் 600 என்று போடுவார்கள், சிலர் 999, சிலர் வெறுமையாக விட்டு அடுத்த பக்கம் போவார்கள். எந்த நோயாளிக்கு அன்றே மருத்துவமனை தேவையோ, அவருடைய பதிவுதான் காணாமல் போகிறது. ‘ஹை’, ‘லோ’ என்று இரண்டு பொத்தான்கள் வைத்தால் தீர்ந்தது. அடுத்தது அலகு. மில்லிமோல் என்ற வேறு அலகில் காட்டும் மீட்டரில் வரும் 11, மி.கி.யில் 198, பெருக்க வேண்டிய எண் 18. அலகு மாறிப் பதிந்தால் 11 என்பது உயிர்போகும் தாழ்சர்க்கரையாகத் தெரியும். ‘வெறும் வயிறு’ என்ற விடை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தால், மதியம் இரண்டு மணிக்கு எடுத்ததும் வெறும் வயிற்றுக் கணக்கில்தான் சேரும். முன்குறிப்பு கூடவே கூடாது. கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டு, அந்த எண்ணைப் பதிவதே சரி.

புளூடூத் மீட்டர் வந்தால் கைப்பிழை போய்விடும் என்பார்கள். கைப்பிழை போகும், ஆள்பிழை வரும். வீட்டில் இருக்கும் மாமியாரும் ஆசைக்குத் தன் விரலைக் குத்திப் பார்த்தால், அந்த அளவு மருமகள் பெயரில் போய் உட்காரும். பேட்டரி மாற்றிய பிறகு மீட்டரின் கடிகாரத்தைச் சரிசெய்யாவிட்டால், இன்றைய அளவு பல வருடங்களுக்கு முந்தைய தேதியில் ஏறி, பட்டியலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அனுப்புவதற்கு முன் ‘இது யாருடைய அளவு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

ஆளை அடையாளம் காண்பதிலும் இதே சிக்கல். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே தெரு என்று மூன்று பேர் இருப்பார்கள். செல்போன் எண்ணை வைத்துத் தேடலாம் என்றால், ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஒரே எண். அதுவும் மகன் சிம் மாற்றினால் போயிற்று. நோயாளியின் கையிலேயே ஒரு சிறு புத்தகம் கொடுத்து, அதன் அட்டையில் க்யூஆர் குறியீடு ஒட்டிவிடுவது எங்கள் அறிவுக்கு எட்டியவரை நல்ல வழி. அந்தப் புத்தகத்தில் அளவையும் மருந்தையும் பேனாவால் எழுதவும் வேண்டும். செயலி வந்தபின் தாள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நோயாளி இரவில் மயங்கி விழுந்து வேறு மருத்துவமனைக்குப் போனால், அங்குள்ள மருத்துவர் நம் செயலியைப் பார்க்க முடியாது, புத்தகத்தைப் பார்ப்பார். ஒழிய வேண்டியது பணியாளர் வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் மறுபடி நிரப்பும் பெரிய பதிவேடுகள்தான். செயலியும் வேண்டும், பதிவேடும் வேண்டும் என்று இரண்டையும் சுமக்க வைத்தால் இரண்டுமே பொய்க்கும்.

சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி முழுதாக வேலை செய்ய வேண்டும். சிக்னல் வந்ததும் தானே சர்வருக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே நோயாளியை இரண்டு பேர் பார்த்து, இருவரும் சிக்னல் இல்லாமல் பதிந்திருந்தால், கடைசியாக வந்த பதிவு முந்தையதை அழித்துவிடும்படி சில செயலிகள் எழுதப்பட்டிருக்கின்றன. சர்க்கரை அளவு என்பது திருத்தி எழுதும் விஷயம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டிய விஷயம். எதையும் அழிக்காத முறையில் அது எழுதப்பட வேண்டும். மாதக் கடைசியில், அறிக்கை அனுப்பும் வாரத்தில், செயலியின் புதிய பதிப்பை இறக்கிக் கட்டாயப்படுத்தும் கொடுமையையும் நிறுத்த வேண்டும்.

படிவத்தின் நீளம் தனிச் சங்கடம். ஒரு பணியாளரிடம் 120 நோயாளிகள், மாதத்தில் 24 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஐந்து வீடு. கேள்வி நாற்பது, ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி என்றால் ஏறக்குறைய ஏழு நிமிடம் அவர் முகம் திரைக்குள் இருக்கும். அந்த ஏழு நிமிடம்தான் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்க வேண்டிய நேரம். முதல் பதிவில் ஒருமுறை கேட்டால் போதுமானதை ஒவ்வொரு மாதமும் கேட்பதை நீக்கினாலே பாதி குறையும். மாதந்தோறும் தேவைப்படுவது சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரை எத்தனை நாளுக்கு மீதி, தாழ்சர்க்கரை வந்ததா, காலில் புண் உண்டா என்ற ஐந்து மட்டுமே.

கால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உணர்ச்சி சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையைச் செயலியின் பயிற்சிப் படம் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. முதலில் கையிலோ நெற்றியிலோ தொட்டுக் காட்டி நோயாளிக்குப் புரியவைக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் வரை ஒன்றிரண்டு நொடி அழுத்தி எடுக்க வேண்டும். காய்ப்பிலும் புண்ணிலும் வைக்கக் கூடாது. அழுத்தும்போதே ‘தெரிகிறதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘தெரிகிறது’ என்பார்கள். இடையிடையே தொடாமலும் கேட்க வேண்டும். பத்துப் பேருக்குப் பயன்படுத்திய இழைக்கு ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். இல்லாவிட்டால் தளர்ந்து, 10 கிராமுக்குக் குறைவான அழுத்தத்திலேயே வளைந்துவிடும். புண்ணைப் படம் எடுத்தால் அது செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். பணியாளரின் சொந்தப் படத் தொகுப்பிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நோயாளியின் கால் உலவக் கூடாது.

அவசரம் எது என்பதைச் செயலி சொல்லியாக வேண்டும், ஆனால் எண்ணை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சமமாக வழித்த நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையும் உதவும். அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பலன் தராது, குளுக்கோஸ்தான் வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் மறுபடி இறங்கக்கூடும்; ‘சரியாகிவிட்டது’ என்று பணியாளர் எழுந்து போய்விடக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மறுபக்கம், 300-க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மந்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. இதில் பல செயலிகள் தவறவிடும் ஒரு நிலை உண்டு. எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை, அதாவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சாப்பிடுகிறவருக்கு, சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். அளவு பச்சை நிறத்தில் இருக்கும், ஆள் வாந்தியெடுத்துக்கொண்டிருப்பார். அறிகுறியைக் கேட்காத செயலி அவரை வீட்டிலேயே விட்டுவிடும்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது எது என்று கேட்டால், வர வேண்டிய தேதியில் வராதவர்களின் பட்டியல் என்போம். தாளில் அதைத் தயாரிக்க ஒரு நாள் ஆகும். செல்போனில் ஒரு நொடி. ஆனால் அதைத் தேதி வரிசையில் காட்டுவதால் பயன் குறைவு. இன்சுலின் போடுகிறவர், கடைசி அளவு 300-ஐத் தாண்டியவர், கர்ப்பிணி, கால் புண் உள்ளவர் ஆகியோர் மேலே வர வேண்டும். முதலில் போன், கிடைக்காவிட்டால் நேரில். அழைத்தால் என்ன விடை என்பதையும் பதிய வேண்டும்: வருகிறேன் என்றார், ஊர் மாறிவிட்டார், வேறு மருத்துவரிடம் போகிறார், எண் தவறு, இறந்துவிட்டார். கடைசி விடைக்குச் செயலியில் இடமே இல்லாததால், இறந்துபோனவரின் வீட்டுக்கு மாதம்தோறும் ‘மாத்திரை வாங்க வாருங்கள்’ என்று குறுஞ்செய்தி போகிறது. அந்த வீட்டு வாசலில் அடுத்த முறை பணியாளர் எப்படி நிற்பார்?

குறுஞ்செய்தியில் நோயின் பெயரே இருக்கக் கூடாது. போன் பல வீடுகளில் பொது. திருமணப் பேச்சிலிருந்து வேலை வரை ஒருவரின் நோய் தெரிவதால் கெடுவது உண்டு. ‘நாளை காலை உங்கள் சந்திப்பு’ என்ற அளவு போதும். படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்பு வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் பல திட்டங்கள் தோற்பது மருத்துவரின் மேசையில். பணியாளர் ‘பரிந்துரைத்தேன்’ என்று குறித்ததும் செயலி அந்த வேலையை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. நோயாளி போய்ச் சேர்ந்தாரா, மருத்துவர் பார்த்தாரா, மருந்து மாறியதா என்ற மூன்றும் தெரியும் வரை அதைத் திறந்தே வைக்க வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 500 மி.கி. இரண்டு வேளையிலேயே, மூன்று மாதமாக 250-க்குக் குறையாமல் இருக்கும் ஒருவரை அந்த அளவு மருந்திலேயே விட்டுவைப்பது உலகமெங்கும் நடக்கிறது. அப்படிப்பட்டவரின் பெயரைச் செயலி தானாக மருத்துவரின் திரைக்கு அனுப்ப வேண்டும். மருந்தைக் கூட்டுவது, அப்படியே விடுவது, நேரில் வரச் சொல்வது என்று ஏதேனும் ஒரு விடையை அவர் தந்தாக வேண்டும். அந்த விடை பணியாளரின் போனுக்குத் திரும்ப வேண்டும். பதில் தர ஒரு மருத்துவரின் நேரத்தை ஒதுக்காமல் செயலி வாங்குவது, கேட்க ஆளில்லாத இடத்தில் மணி அடிப்பது போல.

மருந்தும் ஸ்ட்ரிப்பும் கையில் இருக்க வேண்டும். 120 பேருக்கு மாதம் ஒரு சோதனை என்றால் 120 ஸ்ட்ரிப் போதாது. வீணாவதற்கும் திரவச் சோதனைக்கும் மறுசோதனைக்கும் சேர்த்து 150 வேண்டும். கையிருப்பு ஒரு மாதத் தேவைக்குக் கீழே போனால் செயலியே கிடங்குக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்ட்ரிப் தீர்ந்த வாரத்திலும் பதிவுகள் குறையாமல் வந்தால், அவை எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டியதில்லை.

இட்டுக்கட்டிய பதிவுகளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. உண்மையான அளவுகளில் கடைசி இலக்கம் பூஜ்யமாக இருப்பது ஏறக்குறைய பத்தில் ஒன்று. பாதிக்கு மேல் 130, 140, 150 என்று வந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் உடனே தண்டிக்கக் கிளம்புகிறவர்களை நாங்கள் ஏற்கவில்லை. இருபது பதிவும் மாலை ஏழு மணிக்கு ஒரே இடத்தில் ஏறியிருந்தால், பகலில் சார்ஜ் தீர்ந்து, தாளில் எழுதி வந்து ஏற்றியிருக்கலாம். பவர் பேங்க் கொடுத்தோமா என்று முதலில் கேட்க வேண்டும். களப்பணியாளர்கள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தந்த வழிகாட்டுதல், அவர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்றும், செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற ஊக்கத்தொகையையே முதன்மை வருமானமாக ஆக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று காசு நிர்ணயித்தால் பதிவு பெருகும், சர்க்கரை குறையாது. செல்போனும் டேட்டாவும் பணியாளரின் சொந்தச் செலவு என்று விடுவதும் அநியாயம்.

ஒரு வேண்டுகோள் உங்கள் செய்தியாளர்களுக்கும் உண்டு. 2022-இல் உலக சுகாதாரப் பேரவை, 2030-க்குள் நோய் உறுதியானவர்களில் 80 சதவீதத்தினரின் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கை ஏற்றது. ரத்த அழுத்தத்துக்கும் அதே 80. இந்த இலக்கை நெருங்கிவிட்டதாக ஒரு திட்டம் அறிவித்தால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். பதிந்தவர்கள் 1,000 பேர், இந்தக் காலாண்டில் வந்தவர்கள் 400, அவர்களில் 240 பேருக்குக் கட்டுக்குள் என்றால், வந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 60 சதவீதம். பதிந்தவர்களை வைத்துப் போட்டால் 24. வராத அந்த 600 பேரைத் தேடிப் போகத்தான் பணியாளர் கையில் போன் கொடுக்கப்பட்டது. கணக்கில் அவர்களையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் செவிலியர்கள், மருத்துவர்கள் சிலர்